துறைமுக நிர்வாகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கிரேனைப் பார்க்கும் முன் யார்டைப் பாருங்கள்

துறைமுக ஆணையத்திலோ, கப்பல் துறை அமைச்சகத்திலோ, ஏதாவது ஒரு டெர்மினல் நிறுவனத்திலோ புதிதாகச் சேருபவரை முதல் நாள் எங்கே கூட்டிப்போவார்கள்? கப்பல் நிற்கிற இடத்துக்குத்தான். தலைக்கு மேலே ராட்சத கிரேன், பக்கத்தில் நானூறு மீட்டர் நீளத்துக்குக் கப்பல், ஆளுக்கொரு ஹெல்மெட், ஒரு போட்டோ. தப்பில்லை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் துறைமுகம் ஒழுங்காக ஓடுகிறதா இல்லை திணறுகிறதா என்பது அங்கே நின்றால் தெரியாது. கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கியிருக்கும் யார்டுக்குப் போக வேண்டும், லாரிகள் வந்துபோகும் கேட்டில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். துறைமுகத்திடம் விற்க இருப்பது இடமும் நேரமும்தான். சரக்கு தேவைக்கு மேல் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டையும் சேர்த்துத் தின்கிறது. கப்பலை வேகமாக இறக்கிவிட்டு பெட்டிகளை யார்டில் ஊறப்போடுகிற துறைமுகம் வேகமான துறைமுகம் ஆகாது.

எதை முதலில் கற்றுக்கொள்வது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லும் வரிசை இது. பெரும்பாலும் கன்டெய்னர் பக்கமாகவே பேசுவேன், ஏனென்றால் புதியவர்களுக்குக் குழப்பம் அங்கேதான் அதிகம்.

1. யார் எதை நிறுத்தி வைக்க முடியும் என்று எழுதுங்கள்

துறைமுகம் என்பது ஒரே அலுவலகம் இல்லை. நிலம், அலைத்தடுப்புச் சுவர், கப்பல் வரும் கால்வாய், அதன் ஆழம் இவையெல்லாம் வழக்கமாகத் துறைமுக ஆணையத்தின் பொறுப்பு. எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரலாம், எப்போது வெளியேறலாம் என்பது ஹார்பர் மாஸ்டர் கையில். பெட்டியை இறக்கி ஏற்றுவது டெர்மினல் நிறுவனம். கப்பல் கம்பெனிக்கு உள்ளூரில் ஓர் ஏஜென்ட் இருப்பார். சரக்கை விடுவிக்கும் அதிகாரம் சுங்கத் துறைக்கு, அதற்கான தாள்களைப் போடுவது இறக்குமதியாளரின் கஸ்டம்ஸ் ஏஜென்ட். இவர்களோடு துறைமுக சுகாதாரம், தாவர நோய்த் தடுப்பு, உணவுப் பாதுகாப்பு, குடியேற்றத் துறை, லாரிச் சங்கம், தொழிற்சங்கம்.

ஒரு பெட்டி ஏன் இன்னும் வெளியே போகவில்லை என்று கேட்டுப்பாருங்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் பக்கம் கையைக் காட்டுவார்கள். அதனால் பொறுப்புப் பட்டியலை விட உபயோகமானது வேறொன்று: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவர் எதை நிறுத்தி வைக்க முடியும், எந்தத் தாளைக் கொடுத்தால் விடுவார்" என்று எழுதிக்கொள்வது. பெட்டியைக் கொடுக்கலாம் என்ற டெலிவரி ஆர்டரைக் கப்பல் ஏஜென்ட் தராவிட்டால் பெட்டி நகராது. சுங்கத்தில் அனுமதி வராவிட்டால் நகராது. டெர்மினலுக்குப் பணம் கட்டாவிட்டாலும் நகராது. இந்த ஒரு பக்கத் தாள், உங்களுக்கு முன்னால் வைக்கப்படும் கனமான நிர்வாக அறிக்கைகளை விட அதிக வேலை செய்யும்.

நாட்டளவில் பார்த்தால், யார் முதலீடு போடுகிறார்கள், யார் நடத்துகிறார்கள் என்பதை வைத்து உலக வங்கி துறைமுகங்களை நான்கு மாதிரிகளாகப் பிரிக்கிறது. எல்லாவற்றையும் அரசே நடத்துவது ஒன்று. கருவிகள் அரசுடையவை, கப்பலிலும் கரைத் தளத்திலும் ஏற்றி இறக்கும் வேலை மட்டும் தனியாருக்கு என்பது இன்னொன்று. அரசு நில உரிமையாளராக மட்டும் இருந்து டெர்மினல்களைக் குத்தகைக்கு விடுவது மூன்றாவது, இன்று பெரிய துறைமுகங்களில் அதிகம் காண்பது இதைத்தான். ரோட்டர்டாமில் நகராட்சியும் நெதர்லாந்து அரசும் பங்குதாரர்களாக உள்ள ஆணையம் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறது, பெட்டிகளைத் தூக்குவது தனித்தனி நிறுவனங்கள். நான்காவது முழுக்கத் தனியார், இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோவைப் போல. உங்கள் நாடு எந்த மாதிரியில் இருந்தாலும் கவனிக்க வேண்டியது விதி போடுபவரும் வியாபாரம் செய்பவரும் ஒரே ஆளா என்பதுதான். சிங்கப்பூர் இதை 1996, 1997இல் பிரித்தது: ஒழுங்குமுறைக்குத் தனி ஆணையம், டெர்மினல் நடத்தத் தனி நிறுவனம். இரண்டும் ஒரே கூரைக்குள் இருந்தால், தாமதத்துக்கு அபராதம் போட வேண்டியவரே தாமதம் செய்தவராகவும் இருப்பார், அப்புறம் யார் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

2. சரக்கு எங்கிருந்து வந்து எங்கே போகிறது

டெர்மினலின் மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், அதைப் பிரித்துக் கேளுங்கள். உள்நாட்டுக்கு வருவது எவ்வளவு, ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப்போவது எவ்வளவு, காலிப் பெட்டி எவ்வளவு? உள்நாட்டுச் சரக்கு உங்களை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது, தொழிற்சாலையும் நுகர்வோரும் பின்னாலேயே இருக்கிறார்கள். கப்பல் மாறும் சரக்கு அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டில் மேர்ஸ்க் கப்பல் கம்பெனி தன் வட்டார மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தஞ்சோங் பெலபாசுக்கு மாற்றியது, 2002இல் எவர்கிரீனும் பின்னாலேயே போனது. கொஞ்ச தூரந்தான், ஜலசந்திக்கு அந்தப் பக்கம். ஒரு கம்பெனியின் முடிவில் லட்சக்கணக்கான பெட்டிகள் இடம் மாறின.

ஆழமான துறைமுகம் கட்டினால் கப்பல் தானாக வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இலங்கையின் ஹம்பாந்தோட்டையை நினைவுபடுத்துங்கள். 2010இல் திறந்த அந்தத் துறைமுகம் உலகத்தின் நெரிசலான கப்பல் பாதைக்குப் பக்கத்திலேயே இருந்தும் போதிய வியாபாரம் வரவில்லை, 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. கப்பல் பாதை பக்கத்தில் இருப்பது வேறு, சரக்கு இருப்பது வேறு.

நிலக்கரி, தானியம், எண்ணெய் இவற்றின் கணக்கே தனி. அங்கே பெட்டி எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு நாளைக்கு எத்தனை டன் இறக்கினோம் என்பதுதான் பேச்சு, கன்வேயரும் சேமிப்புக் கிடங்கும் ரயிலும்தான் கழுத்தை நெரிக்கும் இடங்கள்.

3. ஒரே ஒரு கப்பலை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள்

பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கேட்பதை விட இது மேல். ஏஜென்ட் கப்பலின் வருகையை அறிவிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அதோடு எந்தப் பெட்டி கப்பலில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற மின்னணுக் கோப்பு வரும், பேப்லி என்பார்கள். அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆறு இலக்க முகவரி இருக்கும். உதாரணமாக 340682 என்று இருந்தால் இரண்டிரண்டு இலக்கமாக உடைத்துப் படியுங்கள்: 34 என்பது கப்பலின் முன்பக்கத்திலிருந்து எண்ணி வரும் பே, அதாவது கப்பலின் குறுக்கே அமைந்த பெட்டிப் பகுதி, இரட்டை எண் என்பதால் 40 அடிப் பெட்டி, 06 என்பது நடுவிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது வரிசை (வலப்பக்கம் ஒற்றை எண்கள்), 82 என்றால் மேல்தளத்தில் முதல் அடுக்கு. கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் அடுக்குகள் 02இல் தொடங்கும். இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பிளானிங் அறையில் நடக்கும் பேச்சில் பாதி புரிந்துவிடும்.

கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும், அல்லது நேரம் பார்த்து நேராக உள்ளே வரும். துறைமுகத்தின் வழிகாட்டியான பைலட் சிறு படகில் போய்க் கயிற்றேணி பிடித்து ஏறுவார். அவர் வழி சொல்கிறார், ஆனாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான், இது சட்டச் சிக்கல் வரும்போது முக்கியமாகும். கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு, அதற்காக ஓதம் ஏறும் வரை காத்திருக்க நேரலாம். தூர்வாரும் வேலையைத் தள்ளிப்போடும் துறைமுகங்களில் இந்தக் காத்திருப்புதான் முதலில் கூடும். இழுவைப் படகுகள் தள்ளி அணைத்துக்கொடுக்க, கயிறு கட்டியாகிவிட்டது.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். கயிறு கட்டிய நேரத்துக்கும் முதல் பெட்டி தூக்கிய நேரத்துக்கும் இடையே எவ்வளவு? சுகாதார அனுமதி, ஏணி இறக்குவது, பெட்டிகளைக் கட்டியிருக்கும் லாஷிங் கம்பிகளைக் கழற்றுவது என்று அங்கே மணிக்கணக்கில் கரையும். கடைசிப் பெட்டிக்கும் கப்பல் கிளம்புவதற்கும் இடையே அதே கதை. ஷிஃப்ட் மாறும்போது இன்னொரு கொஞ்சம். இவை எந்த கிரேன் வேகக் கணக்கிலும் வராது, ஆனால் கப்பல்காரர் மொத்த நேரத்துக்கும்தான் செலவு செய்கிறார்.

கிரேனின் பிடிச்சட்டமான ஸ்ப்ரெடர் பெட்டியின் நான்கு மூலையிலும் பூட்டி, தூக்கி, கரைத் தளத்தில் நிற்கும் டிரெய்லரில் வைக்கிறது. சரி, ஒரு கணக்குப் போடலாம். 2,000 தூக்கல்கள், 4 கிரேன், ஒவ்வொன்றும் மணிக்கு 25 என்றால் 20 மணி நேரத்தில் கப்பல் முடியும். மணிக்கு 25 என்றால் ஒரு பெட்டிக்கு 144 விநாடி. கீழே டிரெய்லர் வந்து நிற்காமல் கிரேன் ஒவ்வொரு பெட்டிக்கும் வெறும் 36 விநாடி காத்திருந்தால் அது 180 விநாடி ஆகும், மணிக்கு 20 ஆகும், கப்பல் 25 மணி நேரம் நிற்கும். ஐந்து மணி நேரம் போனது, கிரேன் கெட்டுப்போகவே இல்லை, ஆபரேட்டர் மேலும் தப்பில்லை. டிரெய்லர் ஏன் வரவில்லை என்று பார்த்தால் யார்டில் மாட்டிக்கொண்டிருக்கும். இதனால்தான் கிரேன் வேகம் குறைகிறது என்றதும் புதுக் கிரேன் வாங்கக் கோப்பு தயாரிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நாலு கிரேனுக்கும் வேலை சமமாகப் பிரியும் என்பது காகிதத்தில் மட்டும்தான். ஒரே பேயில் பெட்டிகள் குவிந்திருந்தால் ஒரு கிரேன் கடைசி வரை மல்லுக்கட்ட, மற்றவை சும்மா நிற்கும்.

4. பெட்டி எண்ணைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சின்ன விஷயம், ஆனால் அரை மணியில் கற்றுவிடலாம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சோதனை இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளருடையது, நான்காவது சரக்குப் பெட்டிக்கு 'யு'. எழுத்துகளுக்கு 10இலிருந்து மதிப்பு கொடுப்பார்கள், 11, 22, 33 ஆகியவற்றை விட்டுவிட்டு. 'சிஎஸ்கியூயு 305438' என்ற பெட்டியை எடுத்துக்கொள்வோம். சி 13, எஸ் 30, கியூ 28, யு 32, அப்புறம் இலக்கங்கள் அப்படியே. இவற்றை வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6,185 வரும். 11ஆல் வகுத்தால் மீதி 3. பெட்டியின் மேல் கடைசி இலக்கம் 3 என்று இருந்தால் எண் சரி. கணினி இதை நொடியில் செய்யும், உண்மைதான். ஆனால் கேட்டில் யாரோ ஒருவர் கையால் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டி, கணினி எச்சரித்ததைப் பொருட்படுத்தாமல் தாண்டிப்போவதும் நடக்கிறது. அந்தப் பெட்டி யார்டில் இருக்கும், கணினியில் இருக்காது. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே அதைத் தேடுவது என்னவென்று ஒரு முறை பார்த்தவர்கள் இந்த இலக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

5. யார்டு

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள், உங்கள் வேலையின் மையம் இதுதான்.

யார்டின் தரையில் பெட்டி வைக்கக் கோடு போட்ட இடங்கள் 2,000 என்று வைத்துக்கொள்வோம், எல்லாம் 20 அடிக் கணக்கில். ஐந்து அடுக்கு வரை போடலாம் என்றாலும் தோண்டி எடுக்க இடம் வேண்டும், ஆகவே சராசரி மூன்று அடுக்கு. ஒரே நேரத்தில் 6,000 பெட்டி நிற்கும். ஒவ்வொரு பெட்டியும் சராசரி 6 நாள் கிடந்தால் வருடத்துக்கு 6,000ஐ 365ஆல் பெருக்கி 6ஆல் வகுக்க வேண்டும், 3,65,000. அதே யார்டில் 4 நாளில் வெளியேறினால் 5,47,500. ஒரு சதுர மீட்டர் கடலைத் தூர்க்காமல், ஒரு கிரேன் வாங்காமல், கொள்ளளவு ஒன்றரை மடங்காகிவிட்டது. விரிவாக்கத் திட்டம் என்று எது உங்கள் மேசைக்கு வந்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடுத்தது தோண்டல். ஐந்தடுக்கின் அடியில் இருக்கும் பெட்டியைக் கேட்டு ஒரு லாரி வந்து நிற்கிறது. மேலே உள்ள நான்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். ஐந்து தூக்கல், வருமானம் ஒன்றுக்குத்தான். பக்கத்தில் வைத்த நான்கும் வேறு நான்கு பெட்டிகளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவற்றுக்கும் ஒரு லாரி வரும். யார்டு நிரம்ப நிரம்ப இந்தத் தேவையில்லாத தூக்கல்கள் ஏறுகின்றன, அதனால் யார்டு கிரேன் தாமதமாகிறது, டிரெய்லர் காத்திருக்கிறது, கப்பல் பக்கத்தில் அந்த 36 விநாடி பிறக்கிறது. நூறு சதவீதம் நிரம்பிய யார்டு என்பது பெருமைப்படுவதற்கு இல்லை, அது கிட்டத்தட்ட நின்றுபோன யார்டு.

சராசரியை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியாகாதீர்கள். 100 பெட்டிகளில் 90 பெட்டி இரண்டு நாளில் போய்விட்டது, 10 பெட்டி 32 நாள் கிடந்தது என்றால் சராசரி 5 நாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தம் 500 பெட்டி-நாட்களில் 320ஐ அந்தப் பத்து பெட்டிகளே தின்றிருக்கின்றன! உங்கள் இடத்தில் பாதிக்கு மேல் யாரோ பத்துப் பேரின் கிடங்காக இருக்கிறது. ஆகவே தினமும் கேட்க வேண்டியது, இத்தனை நாளைத் தாண்டிய பெட்டிகள் எத்தனை, யாருடையவை, யார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும். கேட்பாரற்றுக் கிடப்பவை, வழக்கில் மாட்டியவை, ஏலத்துக்குக் காத்திருப்பவை ஆகியவற்றை யார்டின் மூலைக்கு, முடிந்தால் வெளியே ஒரு கிடங்குக்கு நகர்த்துங்கள். ஏல அனுமதிக்காகச் சுங்கத் துறையோடு மாதம் ஒருமுறை உட்காருங்கள். சலிப்பான கூட்டம், ஆனால் வேறு எந்தக் கூட்டமும் இவ்வளவு இடத்தை மீட்டுத் தராது.

2021இல் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே கப்பல்கள் குவிந்தபோது உலகமே கப்பல் வரிசையைத்தான் படம் பிடித்தது. அந்தத் துறைமுகங்கள் கைவைத்ததோ யார்டில். அக்டோபர் 2021இல் ஓர் அறிவிப்பு: லாரியில் போக வேண்டிய பெட்டி ஒன்பது நாளோ அதற்கு மேலோ கிடந்தால் கப்பல் கம்பெனிக்கு 100 டாலர், பிறகு நாளுக்கு நாள் 100 டாலர் கூடும். தேதியைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள், கடைசி வரை அந்தக் கட்டணத்தை வசூலிக்கவே இல்லை, 2023 ஜனவரியில் கைவிட்டார்கள். ஆனாலும் நாள்பட்ட பெட்டிகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. கட்டணத்தை வருமானத்துக்கான வழியாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும்.

ஏற்றுமதிப் பக்கம் வேறு மாதிரி. அங்கே பெட்டிகள் எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், என்ன எடை என்பதை வைத்துப் பிரித்து அடுக்கப்படும், ஏனென்றால் கப்பலில் கனமானது கீழே போக வேண்டும். 2016 ஜூலை 1 முதல் சரிபார்க்கப்பட்ட எடை இல்லாமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. எடைச் சான்று தாமதமாக வரும் பெட்டி தவறான அடுக்கில் உட்கார்ந்து, கப்பல் வந்த பிறகு தோண்டலைக் கூட்டும். குளிர்சாதனப் பெட்டிகளுக்கு இடம் அல்ல, மின் இணைப்புப் புள்ளிகள்தான் எல்லை; பழ சீசன் வரும் முன்பே அவற்றை எண்ணி வையுங்கள்.

யார்டில் நடந்து சுற்றாதீர்கள். வண்டியில் போங்கள், இறங்கச் சொன்ன இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஆபரேட்டருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

6. கேட்

ஒரு லாரி வெளி வரிசையில் சேர்ந்த நேரத்திலிருந்து வெளியேறும் வரை அளந்து பாருங்கள். "வெளி வரிசையில் சேர்ந்த" என்பது முக்கியம், பல டெர்மினல்கள் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடும், அறிக்கையில் முப்பது நிமிடம் என்று அழகாக இருக்கும், ஓட்டுநரோ காலையிலிருந்து சாலையில் நின்றிருப்பார்.

நேர ஒதுக்கீட்டு முறை கொண்டுவந்தால் நெரிசல் பரவலாகும். ஆனால் இரவில் கேட் திறந்திருந்தும் லாரி வராமல் இருந்தால் ஓட்டுநர்களைத் திட்டுவதில் பயனில்லை. சுங்க அலுவலகம் மாலையில் மூடுகிறதா, இறக்குமதியாளரின் கிடங்கில் இரவில் இறக்க ஆள் இருக்கிறதா, காலிப் பெட்டியைத் திருப்பி வாங்கும் டிப்போ எத்தனை மணி வரை திறந்திருக்கும்? சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனால் மற்ற எல்லாம் இருபத்துநாலு மணி நேரம் விழித்திருந்தும் பிரயோஜனமில்லை.

7. பெர்த் நிரம்பியிருப்பது நல்லதா?

இல்லை, குறைந்தபட்சம் நினைக்கிற அளவுக்கு இல்லை. பெர்த் என்பது கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம். ஒரே ஒரு பெர்த் இருந்தால் அது ஏறக்குறைய 40 சதவீத நேரம்தான் பிஸியாக இருக்க வேண்டும், ஆறு பெர்த் இருந்தால் 70 வரை போகலாம் என்பது திட்டமிடுபவர்கள் பின்பற்றிவரும் பழைய அளவுகோல். கப்பல்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, வந்தால் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும், ஆகவே பெர்த் பிஸியாக ஆக வரிசை நேர்கோட்டில் வளராமல் எகிறும். கப்பல் கம்பெனிகளோடு வாராந்திர நேரம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளலாம். 90 சதவீதப் பயன்பாடு என்று நிதித் துறைக்காரர் மகிழ்ந்தால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் பட்டியலை அவருக்குக் காட்டுங்கள்.

8. பணம்

கப்பல்மேல் போடுவது: துறைமுகக் கட்டணம், பைலட், இழுவைப் படகு, பெர்த் வாடகை, பெரும்பாலும் கப்பலின் மொத்தக் கொள்ளளவை வைத்துக் கணக்கிடுவார்கள். சரக்குமேல் போடுவது: கையாளும் கட்டணம், இலவச நாட்கள் முடிந்த பிறகு யார்டு வாடகை. இதைத் தவிரக் கப்பல் கம்பெனி தன் பெட்டியை நேரத்தோடு திருப்பித் தராததற்குத் தனியாக வாங்கும், அது துறைமுகத்துக்கு வராது, ஆனால் இறக்குமதியாளர் துறைமுகத்தைத்தான் திட்டுவார். புகார் வந்தால் முதலில் பில் யாருடையது என்று பாருங்கள்.

யார்டு வாடகை வருமானம் இந்த வருடம் கூடியிருக்கிறது என்று அறிக்கை வந்தால் கொண்டாட வேண்டாம். சரக்கு தேங்குகிறது என்பதற்கு அதை விடத் தெளிவான சாட்சி கிடையாது. முதல் சில நாள் மலிவாகவும் பிறகு செங்குத்தாகவும் ஏறும்படி வைப்பது சரி, ஆனால் வெளிக் கிடங்கு வாடகையை விட உங்கள் யார்டு மலிவாக இருக்கும் வரை யாரும் பெட்டியை எடுக்க மாட்டார்கள்.

9. ஆபத்தான சரக்கு

லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது ஏறக்குறைய 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். 2013இல் வந்த ஒரு கப்பலிலிருந்து 2014இல் இறக்கி 12ஆம் எண் கிடங்கில் போட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அங்கே இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது, சுங்கத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கடிதங்கள் போயிருந்தன, ஒவ்வொருவரும் தம் வேலை கடிதத்தோடு முடிந்தது என்று விட்டார்கள். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பு 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜினில் நடந்த வெடிப்பும் துறைமுகப் பகுதியின் ரசாயனக் கிடங்கில்தான்.

ஆகவே வாரம் ஒருமுறை ஒரு பட்டியல் கேளுங்கள்: சர்வதேசக் கடல்வழி ஆபத்துச் சரக்கு விதித்தொகுப்பின் ஒன்பது வகுப்புகளில் வரும் எதுவெல்லாம் உள்ளே இருக்கிறது, எத்தனை நாளாக, எதன் பக்கத்தில். சில வகுப்புகளை யார்டில் வைக்கவே அனுமதிக்காமல் கப்பலிலிருந்து நேரே லாரிக்கு மாற்ற வேண்டும். பட்டியலில் ஒரே பெட்டி தொடர்ந்து மூன்று வாரம் வந்தால் கடிதம் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள், அதை எடுக்க அதிகாரமுள்ளவரை நேரில் பிடியுங்கள். பட்டியலில் வராதவை இன்னும் மோசம். பொய்யாக அறிவிக்கப்பட்ட சரக்கு, சாதாரணப் பெட்டி என்ற பெயரில் நடுவில் அமர்ந்திருக்கும். திடீர்ச் சோதனைக்கு ஓர் ஒதுக்கீடு எப்போதும் இருக்க வேண்டும்.

10. குத்தகை ஒப்பந்தத்தைப் படியுங்கள்

நாட்டின் துறைமுகங்களை நிர்வகிக்கும் இடத்தில் இருந்தால், கையெழுத்தான பிறகு இருபது முப்பது வருடத்துக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் காகிதம்தான். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி தன் டொராலே டெர்மினலை 2006இல் துபாயின் டெர்மினல் நிறுவனமான டிபி வேர்ல்டுக்கு 30 வருடத்துக்குக் கொடுத்து, 2018இல் ஒப்பந்தத்தை முறித்துக் கைப்பற்றியது, அதன் பிறகு வருடக்கணக்கில் சர்வதேச நடுவர் மன்றங்கள். கிரீஸின் பிரேயஸில் வேறு கதை: முதலில் தளங்களைக் குத்தகைக்கு எடுத்த சீனாவின் காஸ்கோ, 2016இல் துறைமுக ஆணையத்திலேயே 51 சதவீதமும் 2021இல் 67 சதவீதமும் வாங்கியது. குடியிருந்தவரே வீட்டுக்காரர் ஆன கதை. சரக்கு பெருகியது என்பதும் உண்மை, கேள்வி அதுவல்ல. உங்கள் நாடு எதைத் தெரிந்து கொடுக்கிறது என்பதுதான்.

படிக்கும்போது வாடகைத் தொகையை விட மற்றவற்றை அதிகம் பாருங்கள். குறைந்தபட்சச் சரக்கு உறுதி இருக்கிறதா, அது வராவிட்டால் என்ன? கப்பல் வந்து திரும்பும் நேரம், லாரி வந்துபோகும் நேரம் ஆகியவற்றுக்கு எண் குறித்திருக்கிறதா, அளப்பது யார்? கால்வாயின் ஆழத்தைப் பராமரிக்காமல் அரசு தவறினால் யார் யாருக்குக் கொடுப்பது? கடைசி ஐந்து வருடத்தில் குத்தகைக்காரர் கிரேன்களுக்குப் பராமரிப்பே செய்யாமல் விட்டால்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கையெழுத்துப் போடும் நாளில் யாரும் நினைப்பதில்லை. அளவுக்கு மீறி ஏலம் கேட்டவர் இரண்டு வருடத்தில் "கட்டுப்படியாகவில்லை, குறையுங்கள்" என்று வருவார், அதற்கும் ஒரு பதில் காகிதத்தில் இருக்கட்டும்.

11. கணினி நின்றால்

2024 ஜனவரி 1 முதல் கப்பல் வருகைத் தாள்களை ஒரே மின்னணுச் சாளரம் வழியாக வாங்குவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி கட்டாயம். நல்லது, பத்து அலுவலகத்துக்குப் பத்து நகல் என்ற கொடுமை போனது. ஆனால் 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் மேர்ஸ்க் குழுமத்தின் கணினிகளை முடக்கியபோது பல நாடுகளில் அதன் டெர்மினல் கேட்டுகள் மூடிக்கிடந்தன, கிரேன்கள் நன்றாகத்தான் இருந்தன, எந்தப் பெட்டி எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் யார்டின் முழு நிலவரத்தை வலைப்பின்னலோடு இணைக்காத ஓர் இடத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். ஆபத்துச் சரக்குப் பட்டியலையும் குளிர்சாதனப் பெட்டிகளின் பட்டியலையும் தாளிலேயே அச்சிடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மறக்காதீர்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போய், நேற்றைய தாள் எங்கே என்று கேளுங்கள்.